திரைக்கு ஒரு பாகப்பிரிவினை

ஆன்லைன் கடை ஒன்றைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவது ஒரே பக்கம். அதற்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்பதை, அமேசான் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ‘டைனமோ’ ஆய்வுக் கட்டுரை போகிற போக்கில் சொல்கிறது: ஒரு பக்கத்தைக் கட்டித் தர 150க்கும் மேற்பட்ட சேவைகளிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்ததாம். சர்வர் பக்கம் இப்படிப் பிரிந்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குழு என்று ஆன பிறகும் பல நிறுவனங்களில் திரைப்பக்கம் மட்டும் ஒரே மூட்டையாகவே கிடந்தது. பின்னால் பத்துக் குழுக்கள் அதனதன் வேகத்தில் ஓடும். முன்னால் ஒரு பட்டனின் நிறத்தை மாற்ற அத்தனை பேரும் ஒரே ரிலீஸுக்குக் காத்திருப்பார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க வந்ததுதான் மைக்ரோ ஃப்ரன்ட்எண்ட். தேடல் பகுதி ஒரு குழுவுக்கு, பொருள் விவரம் இன்னொன்றுக்கு, பணம் கட்டும் பகுதி மற்றொன்றுக்கு; ஒவ்வொன்றும் தனியாக எழுதி, தனியாகச் சோதித்து, தனியாக வெளியிடலாம்; உலாவியில் வந்து சேரும்போது ஒரே பக்கமாகத் தெரிந்தால் போதும். 2016 இறுதியில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ‘டெக்னாலஜி ரேடார்’ இந்தப் பெயரைப் பரவலாக்கியது. 2020இல் அதே ரேடார் ‘மைக்ரோ ஃப்ரன்ட்எண்ட் அராஜகம்’ என்ற பெயரில் ஒன்றைத் தவிர்க்க வேண்டியவற்றின் வரிசையில் சேர்த்தது. நான்கே ஆண்டுகளில் வரவேற்பும் எச்சரிக்கையும் ஒரே இடத்திலிருந்து வந்தன என்றால், கோளாறு கருவியில் மட்டும் இருக்க முடியாது. குழுக்கள் தமக்குள் பேசி முடிக்க வேண்டிய வேலைக்கு ஒரு செலவு உண்டு. திரையை வெட்டுவதால் அந்தச் செலவு மறைவதில்லை, இடம்தான் மாறுகிறது. தவறான இடத்தில் வெட்டினால் அது மீட்டிங் அறையிலிருந்து பயனரின் கைபேசிக்கு மாறிவிடுகிறது.

பேச்சுக்குச் செலவு உண்டு என்பதைக் கணக்கோடு காட்டியவர் ஃபிரெட் புரூக்ஸ். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திய அனுபவத்திலிருந்து அவர் எழுதிய ‘தி மிதிக்கல் மேன்-மன்த்’ 1975இல் வந்தது. ஆறு பேர் உள்ள குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 15 வழிகள். முப்பது பேர் ஆனால் 435. ஆள் கூடியது ஐந்து மடங்கு, பேச வேண்டிய வழிகள் கூடியது 29 மடங்கு. தாமதமான திட்டத்தில் புதிதாக ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று அவர் சொன்னதற்கு இது ஒரு காரணம். அதற்கு முன்பே, 1968 ஏப்ரலில், ‘டேட்டமேஷன்’ இதழில் மெல்வின் கான்வே ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஒரு நிறுவனம் எந்த அமைப்பை வடிவமைத்தாலும், அந்த வடிவம் நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே அமையும் என்பது அவர் வாதம். அதில் அவர் தரும் உதாரணம் கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கும். எட்டுப் பேர் இரண்டு கம்பைலர்கள் எழுத வேண்டும். ஐந்து பேரைக் கோபால் மொழிக்கும் மூன்று பேரை அல்கால் மொழிக்கும் ஒதுக்கினார்கள். முடிவில் கோபால் கம்பைலர் ஐந்து கட்டங்களில் ஓடியது, அல்கால் கம்பைலர் மூன்று கட்டங்களில். மொழியின் இயல்பு எத்தனை கட்டங்களைக் கேட்டது என்று யாரும் பார்க்கவில்லை. எத்தனை நாற்காலிகள் இருந்தனவோ அத்தனை கட்டங்கள். புரூக்ஸ்தான் தன் நூலில் இதற்குக் ‘கான்வேயின் விதி’ என்று பெயர் வைத்தார்.

விதி என்று பெயர் வைத்துவிட்டால் ஆயிற்றா, நிரூபணம் எங்கே என்று கேட்பது நியாயம். கான்வே முதலில் அனுப்பிய ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’ அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியதும், கூற்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லித்தான். நிரூபணத்துக்கு நெருக்கமான எண்கள் நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தன. விண்டோஸ் விஸ்டா வெளியான பிறகு நாச்சியப்பன் நாகப்பன், பிரெண்டன் மர்ஃபி, விக்டர் பசிலி மூவரும் அதன் 3,000க்கும் மேற்பட்ட பைனரிகளை ஆராய்ந்து 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எந்தப் பைனரி பின்னால் பழுதாகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல எந்த அளவுகோல் உதவும் என்பது கேள்வி. நிரல் எவ்வளவு சிக்கலானது, எவ்வளவு மாற்றப்பட்டது, சோதனைகள் அதை எந்தளவு தொட்டன போன்ற வழக்கமான அளவுகோல்களோடு, நிறுவன அமைப்பைச் சார்ந்த சிலவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள்: எத்தனை பொறியாளர்கள் அதைத் தொட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், அந்தப் பைனரிக்கு யார் பொறுப்பு, பொறுப்பாளர் நிறுவன ஏணியில் எத்தனை படி கீழே இருக்கிறார் என்பன போல. நிறுவன அளவுகோல்களே முந்தின. பழுதாகும் என்று அவை சுட்டியவற்றில் சுமார் 86 சதவீதம் அப்படியே ஆயின; பழுதானவற்றில் 84 சதவீதத்தை அவை பிடித்துவிட்டன. நிரலையே திறந்து பார்த்த அளவுகோல்கள் எதுவும் இந்த அளவுக்கு எட்டவில்லை. ஆலன் மெக்கார்மாக்கும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு வேறு திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தது. ஒரே வேலையைச் செய்யும் மென்பொருள்களை இணை இணையாக எடுத்தார்கள். ஒன்று ஒரு நிறுவனத்துக்குள் நெருங்கிப் பழகும் குழு எழுதியது, மற்றது உலகெங்கும் சிதறிய திறந்தமூல ஆர்வலர்கள் எழுதியது. ஓரிடத்தில் செய்யும் மாற்றம் எத்தனை இடங்களுக்குப் பரவக்கூடும் என்று அளந்தபோது, சில இணைகளில் வித்தியாசம் எட்டு மடங்கு வரை போனது. சிதறியவர்கள் எழுதியதே நன்றாகப் பிரிந்து நின்றது. பேச வழி குறைவாக இருந்ததால் பேசத் தேவையில்லாதபடி எழுதினார்கள்.

சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து வேறு கண்டத்துக் குழுவோடு சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு ஒரு கேள்வி எழும்: தூரம்தான் பிரச்சினையோ? நாகப்பன், கிறிஸ்டியன் பேர்டு, பிரேம்குமார் தேவன்பு ஆகியோர் அடங்கிய குழு அதே விஸ்டாவை வைத்து 2009இல் இதையும் பார்த்தது. பல ஊர்களில் இருந்தவர்கள் சேர்ந்து எழுதிய பகுதிகளுக்கும், ஒரே கட்டடத்தில் எழுதிய பகுதிகளுக்கும் இடையே பழுது விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆக, கிலோமீட்டரைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. யாருக்கு எது பொறுப்பு என்பதுதான் கணக்கில் நிற்கிறது.

இதுவரை பார்த்த ஆதாரம் எல்லாம் திரையைப் பிரிப்பதற்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. குழுக்களுக்கு ஏற்றபடிதான் நிரல் பிரியும் என்றால், நாமே முன்வந்து ஒழுங்காகப் பிரித்துவிடலாமே? இங்கேதான் உலாவி குறுக்கே வருகிறது. பாகப்பிரிவினையில் அறைகளைப் பிரித்துக்கொள்ளலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. சர்வர் பக்கச் சேவைகள் தனித்தனி எந்திரங்களில் ஓடலாம். ஒன்று மூச்சுத் திணறினால் இன்னொன்று பாட்டுக்கு ஓடும். உலாவியின் ஒரு பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவதும், எழுத்தையும் படத்தையும் இடத்தில் அமர்த்துவதும், விரல் தொட்டதற்குப் பதில் சொல்வதும் பெரும்பாலும் ஒரே ‘மெயின் த்ரெட்’டில் நடக்கின்றன. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால் ஒவ்வொரு முறைக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 50 மில்லி விநாடிக்கு மேல் இழுக்கும் வேலையை உலாவித் தரநிலைகள் ‘லாங் டாஸ்க்’ என்று குறிக்கின்றன. பரிந்துரைகளைக் காட்டும் குழு தன் பங்குக்கு 200 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், அந்த நேரம் முழுதும் பணம் கட்டும் குழுவின் பட்டன் செத்துக் கிடக்கும். ஸ்டைல் விதிகளும் அப்படித்தான்: ஒரு குழு ‘பட்டன்’ என்ற பெயரில் எழுதும் விதி, தடுப்பு எதுவும் போடாவிட்டால், பக்கத்தில் உள்ள எல்லாக் குழுக்களின் பட்டன்களையும் மாற்றிவிடும். ஷேடோ டாம் போன்ற தடுப்புகள் இதற்கு உண்டு. மெயின் த்ரெட்டுக்கு அப்படி எளிதான தடுப்பு கிடையாது. பிறகு எடை. திரை எழுத உதவும் ரியாக்ட் நூலகத்தின் 17ஆம் பதிப்பை நன்றாகச் சுருக்கி அனுப்பினாலும் ஏறக்குறைய 40 கிலோபைட் வரும். ஐந்து குழுக்கள் ஆளுக்கொரு பதிப்பு வைத்திருந்தால், பக்கத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியும் முன்பே 200 கிலோபைட். வேகமான லேப்டாப்பில் சோதிப்பவருக்கு இது உறைக்காது. பேருந்தில் உட்கார்ந்து மலிவான கைபேசியில் பார்ப்பவர்தான் அந்தச் செலவைக் கட்டுகிறார்.

இன்னொரு சிக்கலைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பொருள் விவரப் பக்கத்தில் ‘கூடையில் சேர்’ என்ற பட்டன் இருக்கிறது. அது ஒரு குழுவுடையது. மேலே வலது மூலையில் கூடைப் படமும், உள்ளே எத்தனை பொருள் என்று காட்டும் சிறு எண்ணும் இருக்கின்றன. அவை இன்னொரு குழுவுடையவை. பட்டனை அழுத்தினால் எண் ஏற வேண்டும். இரு குழுக்களும் ஒன்றன் நிரலை மற்றொன்று அழைக்கக் கூடாது என்பது விதி என்பதால், பட்டன் உலாவிக்குள் ஒரு நிகழ்வை அறிவிக்கிறது. கூடைப் படம் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நிகழ்வின் பெயர் ‘கார்ட்-ஆட்’ என்று வைத்துக்கொள்வோம். ஒரு வியாழக்கிழமை, பட்டன் குழுவில் ஒருவர் பெயர்களை ஒழுங்குபடுத்தும்போது அதைக் ‘கார்ட்-ஐட்டம்-ஆடட்’ என்று மாற்றுகிறார். அவர் குழுவின் சோதனைகள் எல்லாம் பச்சை. கூடைக் குழுவின் சோதனைகளும் பச்சை, அவர்கள் எதையும் மாற்றவே இல்லையே. கம்பைலர் வாய் திறக்கவில்லை, பிழைப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. யாரும் கேட்காத ஒரு பெயரை அறிவிப்பது உலாவியின் பார்வையில் பிழையே அல்ல. எண் மட்டும் ஏறவில்லை. சேர்ந்ததோ இல்லையோ என்று வாடிக்கையாளர் இன்னொரு முறை அழுத்துகிறார்; இரண்டு பொருள் வந்து சேர்கிறது. ஒரே மூட்டையாக இருந்தபோது கம்பைலர் இலவசமாகச் செய்த காவல் வேலை இது. பிரித்த பிறகு அந்தக் காவலுக்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்: நிகழ்வுகளின் பெயரும் வடிவமும் பொதுவான ஒப்பந்தக் கோப்பில் இருக்க வேண்டும், இரு பக்கமும் அதற்கு எதிராகச் சோதிக்கப்பட வேண்டும், அந்தக் கோப்பை மாற்ற இரு குழுவும் சம்மதிக்க வேண்டும். அதாவது, பேச வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் போன பாதையும் இதையே காட்டுகிறது. ஸ்பாட்டிஃபையின் பழைய டெஸ்க்டாப் செயலியில் ஒவ்வொரு காட்சியும் தனி ஐஃபிரேமுக்குள் தனிச் செயலியாக இருந்தது. குழுக்களுக்குச் சுதந்திரம் கிடைத்தது. ஆனால் ஆல்பத்திலிருந்து கலைஞர் பக்கத்துக்குப் போனால் அந்தக் காட்சிக்கான நிரலையும் ஸ்டைலையும் புதிதாக இறக்க வேண்டியிருந்தது. எல்லாக் காட்சிகளையும் தொடும் ஒரு மாற்றம் பெரும்பாடாக இருந்தது. பிற்பாடு வலைச் செயலியை ஒரே ரியாக்ட் செயலியாகத் திரும்ப எழுதினார்கள். 2021இல் வந்த டெஸ்க்டாப் செயலியும் அதே அடித்தளத்தில் எழுந்தது. பெர்லினின் ஸலாண்டோ ‘மொசைக்’ என்ற பெயரில் துண்டுகளைச் சர்வரிலேயே ஒட்டித் தரும் முறையைக் கட்டி, கருவிகளைத் திறந்தமூலமாகவும் வெளியிட்டது. சில ஆண்டுகளில் அவர்களும் வேறு வடிவத்துக்கு நகர்ந்தார்கள்: குழுக்கள் தங்கள் பகுதியைத் தாங்களே எழுதுவார்கள், ஆனால் எல்லாரும் ஒரே தொழில்நுட்பம், ஒரே பொது எஞ்சின், ஒரே நிரல் களஞ்சியம். இவற்றைத் தோல்வி என்று எழுதிவிடுவது அவசரத் தீர்ப்பு. இரு நிறுவனங்களும் பிரித்த காலத்தில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன. அப்போது அவர்களுக்குக் குழுக்களின் வேகம் பெரிதாக இருந்தது, பிறகு பயனரின் அனுபவம் பெரிதாகியது. இரண்டாவது முறை எதைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று தெரிந்து பிரித்தார்கள். முதல் முறையே தெரிந்திருக்கலாமே என்று இன்று சொல்வது எளிது.

கருவிகள் இப்போது முன்னேறிவிட்டன, எடைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று ஒரு பதில் வரும். 2020 அக்டோபரில் வெப்பேக் 5 கொண்டுவந்த மாட்யூல் ஃபெடரேஷன் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஐந்து குழுக்களும் ரியாக்ட்டின் ஒரே பிரதியை ஓடும் நேரத்தில் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒரே பிரதி என்றால் ஒத்துப்போகும் பதிப்பு வேண்டும். ஒத்துப்போகும் பதிப்பு வேண்டுமென்றால் எப்போது மேலே போவது, யார் முதலில் போவது, போக முடியாத குழுவுக்காக எவ்வளவு நாள் காத்திருப்பது என்று முடிவு செய்ய வேண்டும். அவரவர் இஷ்டத்துக்கு விட்டால், ஒரே கூறு மரத்துக்குள் இரண்டு பிரதிகள் கலந்து ‘இன்வேலிட் ஹுக் கால்’ என்று அந்தப் பகுதி நின்று போகும் நாள் வரும். பகிர்ந்தால் பேச்சு, பகிராவிட்டால் எடை. இரண்டிலிருந்தும் ஒருசேர விடுதலை தரும் கருவி இதுவரை வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மறுப்பு இதைவிட வலுவானது: பிரிக்கவே வேண்டாம், ஒரே களஞ்சியத்தில் ஒழுங்கான எல்லைகளோடு எழுதினால் போதாதா? கூகுளின் ரேச்சல் பாட்வினும் ஜோஷ் லெவன்பெர்க்கும் 2016இல் எழுதிய கட்டுரைப்படி, அங்கே 25,000க்கும் மேற்பட்டவர்கள் சுமார் 200 கோடி வரிகள் கொண்ட ஒரே களஞ்சியத்தில் வேலை செய்தார்கள். ஆளுக்கு ஆள் மோதாமல் அது நடக்கிறதென்றால், பத்துப் பேர் உள்ள ஸ்டார்ட்அப் எதற்குத் திரையை வெட்ட வேண்டும்? வெட்ட வேண்டியதில்லை என்பதே என் பதிலும். மூன்று நான்கு குழுக்கள் வரை, ஒரே செயலிக்குள் தெளிவான மாட்யூல்கள், யார் எதற்குப் பொறுப்பு என்ற பட்டியல், எல்லை தாண்டும் இறக்குமதியைத் தடுக்கும் ஒரு லின்ட் விதி ஆகியவை முக்கால்வாசிப் பலனைத் தந்துவிடும். கூகுள் அந்த வசதிக்கு என்ன கட்டுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: களஞ்சியத்துக்கும் தேடலுக்கும் கட்டமைப்புக்கும் அவர்களே உருவாக்கிய கருவிகள், அவற்றைப் பராமரிக்கத் தனிக் குழுக்கள். பல குழுக்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் வெளியிட வேண்டியிருப்பதுதான் உங்களை முடக்குகிறது, அதைத் தாங்கும் கருவிகளைக் கட்ட வசதியில்லை என்ற நிலை வந்தால், அப்போது மைக்ரோ ஃப்ரன்ட்எண்ட் நியாயமான விடை.

அப்படியானால் எங்கே வெட்டுவது? டேவிட் பார்னஸ் 1972இலேயே ஒரு விடை தந்தார். வேலை நடக்கும் வரிசைப்படி நிரலைப் பிரிக்காதீர்கள். எந்த முடிவு பின்னால் மாறக்கூடுமோ, அந்த முடிவு ஒரே மாட்யூலுக்குள் ஒளிந்திருக்கும்படி பிரியுங்கள் என்றார். திரைக்கு இதைப் பொருத்தினால், தலைப்பட்டை ஒரு குழு, இடது மெனு ஒரு குழு, நடுப்பகுதி ஒரு குழு என்று கண்ணால் பார்த்துப் பிரிப்பது ஏன் சொதப்புகிறது என்று விளங்கும். வணிகத்தில் வரும் ஒரு புது யோசனை, தள்ளுபடிக் கூப்பன் என்று வைப்போம், மூன்றையும் ஒருசேர மாற்றும். தேடுவது, தேர்ந்தெடுப்பது, பணம் கட்டுவது, திருப்பி அனுப்புவது என்று வாடிக்கையாளரின் வேலைப்படி பிரித்தால் பெரும்பாலான யோசனைகள் ஒரு குழுவுக்குள்ளேயே முடியும். அதற்கு அந்தக் குழுவில் திரை எழுதுபவர் மட்டும் இருந்தால் போதாது. நம் ஐடி சேவை நிறுவனங்களில் அடிக்கடி காண்கிற ஏற்பாடு யூஐ டீம், ஏபிஐ டீம், டெஸ்டிங் டீம் என்று தொழில்நுட்பப்படி போட்ட அடுக்கு. அந்த அடுக்கை அப்படியே வைத்துக்கொண்டு யூஐ டீமை மட்டும் ஐந்தாகப் பிரித்து ஐந்து மைக்ரோ ஃப்ரன்ட்எண்ட் கொடுத்தால், முன்பு ஒரு வரிசையில் நின்றவர்கள் இப்போது ஐந்து வரிசைகளில் நின்று அதே ஏபிஐ டீமுக்குக் காத்திருப்பார்கள்.

குழுவை நடத்துபவரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. கட்டமைப்பு வரைபடம் வரைபவரிடம் தள்ளிவிடக்கூடிய வேலையல்ல இது. யார் எந்தக் குழுவில் இருப்பார், இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் யார் எழுந்து பார்ப்பார், பொதுவான பட்டன்களையும் எழுத்துருவையும் பராமரிக்கும் சிறு குழுவுக்கு ஆள் ஒதுக்க யார் சம்மதிப்பார், பக்கத்தின் மொத்த எடையில் ஒவ்வொரு குழுவுக்கும் எவ்வளவு பங்கு, மீறினால் ரிலீஸை யார் நிறுத்துவார்: இவற்றுக்கெல்லாம் அதிகாரம் அவர் கையில்தான் இருக்கிறது. சுதந்திரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இவற்றை முடிவு செய்யாமல் விடும் மேலாளரைத்தான் ரேடார் சொன்ன அராஜகம் தேடி வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரீஆர்க் நடக்கிறது, குழுக்களே நிலையில்லை, இதில் நிரலை எப்படிப் பொருத்துவது என்பார்கள். அதனால்தான் இன்றைய ஆர்க் சார்ட்டைப் பார்த்து வெட்டக் கூடாது. மேலாளர்கள் மாறினாலும் வாடிக்கையாளர் தேடுவதும் பணம் கட்டுவதும் மாறுவதில்லை. நிரலின் எல்லை அதை ஒட்டி இருந்தால், குழுக்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் ஒரு முழுத் துண்டை அப்படியே கைமாற்றலாம்.

முடிவெடுக்க வேண்டிய ஆதாரம் வெளியே எங்கும் இல்லை, உங்கள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. கடந்த ஆறு மாதத்தில் முடிந்த வேலைச் சீட்டுகளை எடுங்கள். நீங்கள் உத்தேசித்திருக்கும் எல்லைகளைக் காகிதத்தில் போட்டு, ஒவ்வொரு வேலையும் எத்தனை எல்லைகளைத் தாண்டியது என்று எண்ணுங்கள். எந்தக் கோப்புகள் எப்போதும் சேர்ந்தே மாறுகின்றன என்பதை கிட் வரலாறே சொல்லிவிடும். பத்தில் ஒன்றிரண்டு மட்டும் தாண்டினால் எல்லை சரி. அதிகம் மாறும் ஒரே ஒரு பகுதியைப் பிரித்து வெளியிட்டு, பக்கம் திறக்கும் நேரத்தை மலிவான கைபேசியில் அளந்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பாதிக்கு மேல் தாண்டினால் நிரலில் கை வைக்காதீர்கள். முதலில் குழுக்களை மாற்றி அமையுங்கள்.